பழைய போர்ப் படங்கள்: களத்தை நம்பலாம், ஆட்களை நம்பாதீர்கள்

கேள்வி இதுதான்: உண்மையில் நடந்த போர்களை வைத்து 1950களின் பிற்பகுதியிலிருந்து 70கள் வரை வந்த பிரம்மாண்டப் படங்களில் வரலாற்றுக்கு நெருக்கமானது எது? ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

இரண்டாவது பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: 1970இல் வந்த ‘டோரா! டோரா! டோரா!’. முதல் பாதிக்கு ஒரு வரி போதாது. இந்த வகைப் படங்கள் சில விஷயங்களில் வியக்கும் அளவுக்குத் துல்லியமாக இருக்கும், வேறு சில விஷயங்களில் கூசாமல் புளுகும். படைகள் எவ்வளவு பெரியவை, எந்த மேட்டிலிருந்து எந்தப் பள்ளத்துக்கு இறங்கின, புகை எப்படிக் கண்ணை மறைத்தது என்பதையெல்லாம் பெரும்பாலும் நம்பலாம். யார் வீரன், யார் கோழை, யார் என்ன வசனம் பேசினார் என்பதை நம்பிவிடக் கூடாது. பல வருடங்களாக இந்தப் படங்களையும் போர் வரலாற்று நூல்களையும் மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது.

இதற்குக் காரணம் எளிமையானது. அது கணினி வரைகலை இல்லாத காலம். திரையில் பத்தாயிரம் பேர் வேண்டும் என்றால் பத்தாயிரம் பேரை வெயிலில் நிறுத்தியாக வேண்டும். அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், சீருடை மாட்ட வேண்டும், ஒரே நேரத்தில் திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும். ஒரு நாட்டின் ராணுவத்தால்தான் அது முடியும். அதனால் தயாரிப்பாளர்கள் ராணுவங்களையே வாடகைக்கு எடுத்தார்கள். ஃபிராங்கோ ஆட்சியில் இருந்த ஸ்பெயினும் சோவியத் யூனியனும் சிப்பாய்களைக் கொடுத்தன. நிஜச் சிப்பாய்கள் நிஜ நிலத்தில் நடக்கும்போது, இயக்குநர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், சில உண்மைகள் தானாகவே கேமராவில் விழுந்துவிடுகின்றன.

‘வாட்டர்லூ’ (1970) இதற்குச் சரியான உதாரணம். இயக்கியவர் செர்கேய் பொந்தார்சுக், தயாரித்தவர் இத்தாலியின் டினோ டி லாரென்டிஸ். பணம் புரளாமல் தள்ளிப்போய்க்கொண்டிருந்த படத்துக்கு சோவியத் அரசின் மோஸ்ஃபிலிம் கைகொடுத்தது. கூடவே சோவியத் ராணுவமும் வந்தது. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற, பெல்ஜியத்தில் நடந்த போரை மேற்கு உக்ரைனில், உஷ்ஹொரோத் நகருக்கு அருகே எடுத்தார்கள். நிலத்தின் அமைப்பு ஒத்துவரவில்லை என்று இரண்டு குன்றுகளை புல்டோசர் வைத்துத் தள்ளினார்கள். 5,000 மரங்களைப் பெயர்த்து நட்டார்கள். பார்லி விதைத்து வயலாக்கினார்கள். மண்ணுக்கடியில் பல கிலோமீட்டருக்குத் தண்ணீர்க் குழாய் பதித்தார்கள், சேறு உண்டாக்க!

சேற்றுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றலாம். 1815 ஜூன் 18 காலையில் அந்தக் களத்தின் தலைவிதியைப் பாதி தீர்மானித்தது சேறுதான். முந்தைய இரவு முழுக்கக் கொட்டிய மழையில் நிலம் குழைந்துபோயிருந்தது. பீரங்கிகளை நகர்த்த முடியாது. குண்டு தரையில் பட்டு எகிறாமல் மண்ணிலேயே புதைந்துவிடும். நிலம் கொஞ்சம் காயட்டும் என்று நெப்போலியன் காத்திருந்தார். தாக்குதல் தொடங்கும்போது மணி ஏறத்தாழ 11.30. அவர் இழந்த அந்தச் சில மணி நேரம், பிரிட்டிஷாருக்குத் துணையாகக் கிழக்கிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த பிரஷ்யப் படைக்குக் கிடைத்தது.

படத்துக்காக ஏறத்தாழ 15,000 காலாட்படையினரும் 2,000 குதிரைவீரர்களும் மாதக்கணக்கில் 1815ஆம் ஆண்டின் கவாத்தைப் பழகினார்கள். களத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம். காலையில் சாப்பிட்டுவிட்டு வரிசையாகப் போய் பிரெஞ்சு, பிரிட்டிஷ் சீருடைகளை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பொந்தார்சுக் வாக்கிடாக்கியில் உத்தரவு கொடுக்க, அவர்களுடைய அதிகாரிகள் அதை நிறைவேற்றுவார்கள். உலகின் ஏழாவது பெரிய ராணுவம் ஒரு சினிமா இயக்குநரிடம் இருக்கிறது என்று அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம்.

இவ்வளவு செலவும் ஒரே ஒரு காட்சியில் வசூலாகிவிடுகிறது. பிற்பகலில் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் நே ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களோடு பிரிட்டிஷ் வரிசைமேல் பாய்கிறார். காலாட்படை உடனே சதுரங்களாக மாறுகிறது: நான்கு பக்கமும் சிப்பாய்கள் வெளிப்புறம் பார்த்து நிற்க, முன்வரிசை மண்டியிட்டுத் துப்பாக்கிமுனைக் கத்திகளை நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை எவ்வளவு பழகியதாக இருந்தாலும் கத்திச்சுவர்மேல் போய் மோதாது, விலகி ஓடும். இதைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் மனதில் படம் விரியாது. பொந்தார்சுக்கின் கேமரா வானத்தில் ஏறி, மொத்தக் களத்தையும் கீழே காட்டுகிறது. வெள்ளம் பாறைகளைச் சுற்றிக்கொண்டு ஓடுவதுபோலக் குதிரைப்படை அந்தச் சதுரங்களுக்கு இடையில் புகுந்து புகுந்து வீணாகிறது. நே ஏன் தோற்றார் என்பது அரை நிமிடத்தில் புரிந்துவிடும். இன்றைக்குக் கணினியில் பத்து லட்சம் பேரைக்கூட நிரப்பிவிடலாம். ஆனால் இந்தக் காட்சியில் உள்ள தயக்கம், குதிரைகள் நெரிசலில் ஒன்றையொன்று இடித்துக்கொள்வது, புழுதி இறங்க எடுக்கும் நேரம் எதையும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, இதே படம் எங்கே சறுக்குகிறது? பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் சேனையில் பிரிட்டிஷார் பாதிகூட இல்லை. மீதி ஜெர்மானியர், டச்சுக்காரர், பெல்ஜியர். படத்தில் அவர்களைத் தேட வேண்டும். இதைவிடப் பெரிய குறை பிரஷ்யர்கள் விஷயம். பிரஷ்யத் தளபதி ப்ளூஷரின் ஆட்கள் மாலை 4.30 மணியளவிலேயே பிளான்செனுவா கிராமத்தில் நெப்போலியனின் வலப்புறத்தைக் கடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைத் தடுக்க நெப்போலியன் தன் இளம் காவற்படையையே அனுப்ப வேண்டி வந்தது. அந்தக் கிராமத்தில் மணிக்கணக்கில் கொடூரமான சண்டை நடந்தது. படமோ பிரஷ்யர்களைக் கிட்டத்தட்ட கடைசிக் காட்சியில் வந்து சேரும் போலீஸ் ஜீப் மாதிரி ஆக்கிவிட்டது. தனி மனிதர்கள் விஷயத்திலும் இப்படித்தான். படத்தில் வாட்டர்லூவில் சாகும் இளைஞன் ஹே பிரபு, உண்மையில் இரண்டு நாள் முன்பே குவாத்ர பிராவில் இறந்துவிட்டவர்.

‘ஜூலு’ (1964) படத்தில் இந்தப் பிரிவினை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1879 ஜனவரி 22, 23 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு ராணுவ முகாமில் சுமார் 150 பிரிட்டிஷ் சிப்பாய்கள், 3,000 முதல் 4,000 வரையிலான ஜூலு வீரர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கெட் பெட்டிகளையும் அடுக்கி அரண் கட்டியது, எரியும் ஆஸ்பத்திரியின் உட்சுவர்களை இடித்து இடித்து நோயாளிகளை அறைக்கு அறை கடத்தியது எல்லாம் நடந்தவை. படம் அவற்றை நன்றாகவே காட்டுகிறது. ஜூலு மன்னன் செட்ஷ்வாயோவாக நடித்தவர், அந்த மன்னனின் வழித்தோன்றலான மங்கோசுது புத்தலேஸி. பின்னாளில் தென்னாப்பிரிக்க அரசியலில் பெரிய பெயராக ஆனவர்.

அப்புறம் ஆட்கள். ஹென்றி ஹூக் என்ற சிப்பாயைப் படம் குடிகாரனாகவும் வேலைக்கு டிமிக்கி கொடுப்பவனாகவும் காட்டி, கடைசியில் திருத்துகிறது. நிஜ ஹூக் மதுவைத் தொடாதவர், நல்ல பெயரெடுத்த சிப்பாய், பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்றவர். படத்தின் முதல் காட்சிக்கு வந்திருந்த அவருடைய வயதான மகள்கள் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டார்கள். கோபம் நியாயமானதுதான். கதைக்கு ஒரு திருந்தும் ரவுடி தேவைப்பட்டதற்காக அவர்களுடைய அப்பாவின் பெயரைக் கெடுத்தாயிற்று. படத்தின் இறுதியில் ஜூலு வீரர்கள் மலைமேல் நின்று எதிரிக்கு மரியாதை செலுத்திப் பாடிவிட்டுப் போகும் புகழ்பெற்ற காட்சியும் கற்பனை. போர் முடிந்தபின் காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்களை பிரிட்டிஷார் கொன்றது நடந்தது, படத்தில் இல்லை. அதே ஜனவரி 22 அன்று பக்கத்தில் இசண்ட்ல்வானாவில் ஜூலுப் படை ஒரு பிரிட்டிஷ் முகாமையே அழித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. போர் வரலாற்றில் அதுதான் பெரிய சம்பவம். அதை முதலில் கோரமான சில நிமிடங்களில் கடந்துவிட்டு, சின்னச் சண்டையைப் பெரிய காவியமாக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்ப் படங்களுக்கு வேறொரு வசதி இருந்தது. சண்டையில் இருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். நார்மண்டித் தரையிறக்கத்தைப் பற்றிய ‘தி லாங்கஸ்ட் டே’ (1962) படத்தில் மேஜர் ஜான் ஹோவர்டாக நடித்தவர் ரிச்சர்ட் டாட். 1944 ஜூன் 6 அன்று நிஜமாகவே பாரசூட்டில் குதித்து, ஹோவர்ட் பிடித்துவைத்திருந்த அதே பாலத்துக்குப் போய்ச் சேர்ந்த அதிகாரி அவர். ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’ (1977) படத்தில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் பாலத்தைக் காத்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் ஃபிராஸ்டாக ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்தார். ஃபிராஸ்டே படப்பிடிப்புக்கு ஆலோசகர். ஹாப்கின்ஸ் குண்டுமழையில் வீட்டுக்கு வீடு ஓடுவதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வேகமாக ஓடாதே, ஆபத்தை மதிக்கவில்லை என்று சிப்பாய்களுக்குக் காட்டுகிற மாதிரி போ என்றாராம். இப்படிப்பட்ட திருத்தத்தை எந்த நூலகத்திலும் தேடிப் பிடிக்க முடியாது.

இருந்தாலும் ‘தி லாங்கஸ்ட் டே’ ஒரு முக்கியமான இடத்தில் வரலாற்றைத் தவறவிட்டது. அமெரிக்க ரேஞ்சர்கள் பாய்ன்ட் டு ஹாக் செங்குத்துப் பாறையில் கயிறு பிடித்து ஏறுகிறார்கள், மேலே போய்ப் பார்த்தால் பீரங்கிகளே இல்லை. இவ்வளவு சாவும் வீண்தானா என்ற தொனியில் படம் அதை விட்டுவிடுகிறது. நடந்தது என்னவென்றால், ஜெர்மானியர் பீரங்கிகளைச் சற்று உள்ளே தள்ளி மறைத்துவைத்திருந்தார்கள். ரேஞ்சர்கள் அன்று காலையே தேடிக் கண்டுபிடித்து அவற்றைச் செயலிழக்கச் செய்தார்கள். ‘போர் என்றாலே வீண்’ என்ற உணர்வுக்காக ஒரு நல்ல ராணுவ நடவடிக்கையைப் பலி கொடுத்துவிட்டார்கள்.

‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’ எனக்குப் பிடித்த படம், காரணம் அது ஒரு தோல்வியை மூன்று மணி நேரம் பொறுமையாகச் சொல்கிறது. பாலங்களை பாரசூட் படை பிடித்துவைத்திருக்க, டாங்கிகள் ஒற்றைச் சாலையில் விரைந்து வந்து சேர வேண்டும் என்பது 1944 செப்டம்பர் திட்டம். ஆர்ன்ஹெமுக்குப் போன சுமார் 10,000 பேரில் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் ஏறத்தாழ 2,400. ஒரே சாலை, இருபுறமும் இறங்க முடியாத தாழ்நிலம், முன்னால் ஒரு டாங்கி எரிந்தால் பின்னால் மைல்கணக்கில் எல்லாம் நின்றுவிடும்: இந்த ஒரு விஷயத்தைப் படம் காட்டுகிற மாதிரி வரைபடம்கூடக் காட்டாது. ஆனால் பழியை பிரிட்டிஷ் தளபதி பிரௌனிங் தலையில் மட்டும் கட்டியது அநியாயம் என்று அன்றே சர்ச்சை வந்தது. பிரௌனிங் அப்போது உயிருடன் இல்லை, பதில் சொல்ல முடியாது. திட்டத்துக்குத் தந்தையான மான்ட்கோமரி படத்தில் தலைகாட்டுவதே இல்லை.

இப்போது ‘டோரா! டோரா! டோரா!’. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய கதை. அமெரிக்கப் பகுதியை ரிச்சர்ட் ஃபிளெய்ஷர் இயக்கினார். ஜப்பானியப் பகுதிக்கு முதலில் அமர்த்தப்பட்ட குரோசாவா விலக்கப்பட, மசுதா தோஷியோவும் ஃபுகாசாகு கின்ஜியும் எடுத்தார்கள். தாக்குதலைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவரான ஜென்டா மினோரு ஆலோசனை சொன்னார். இரண்டு தரப்பையும் சமமாகக் காட்டும் படம் என்று எல்லோரும் புகழ்வார்கள். அது உண்மைதான், ஆனால் நான் அதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் வேறு. இதில் கதாநாயகன் இல்லை, காதல் இல்லை, திருந்தும் ரவுடி இல்லை. ஒரு பெரிய அமைப்பு எப்படித் தூங்கிவிடுகிறது என்பதுதான் கதை.

படத்தில் வரும் நம்ப முடியாத சம்பவங்கள் பெரும்பாலும் நடந்தவை. காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் ஒபானா ரேடார் நிலையத்தில் இரண்டு சிப்பாய்கள் திரையில் பெரிய விமானக் கூட்டத்தைப் பார்த்துத் தகவல் சொல்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய பி-17 விமானங்களாக இருக்கும், கவலைப்படாதே என்று பதில் வருகிறது. அதற்கும் முன்பே துறைமுக வாசலில் ‘வார்ட்’ என்ற அமெரிக்கக் கப்பல் ஒரு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியைச் சுட்டு மூழ்கடித்துவிட்டது. மேலிடம் அதை உறுதிசெய்யச் சொல்லிக் காத்திருந்தது. 2002இல் அந்த நீர்மூழ்கியைக் கடலடியில் கண்டுபிடித்தபோது குண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருந்தது. வாஷிங்டனிலிருந்து கிளம்பிய எச்சரிக்கை ராணுவ வானொலி வழியாகப் போக முடியாமல் சாதாரணத் தந்தியாகப் போய், தாக்குதல் நடந்த பிறகு கையில் கிடைத்தது. ஜப்பானியத் தூதரகத்தில் இறுதிக் குறிப்பைத் தட்டச்சு செய்யத் தெரியாமல் ஓர் அதிகாரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பது சிரிப்புக் காட்சி போலத் தெரியும். அந்தத் தாமதமும் உண்மை. குறிப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது குண்டுகள் விழத் தொடங்கி நேரமாகியிருந்தது.

விமானங்கள் போலி. பறக்கிற நிலையில் ஜப்பானிய விமானங்கள் கிடைக்காததால் அமெரிக்கப் பயிற்சி விமானங்களை ஜப்பானின் ஜீரோ போர் விமானம் போல உருமாற்றிப் பறக்கவிட்டார்கள். விமானம் கிளம்பும் காட்சிகளை அமெரிக்காவின் ‘யார்க்டவுன்’ விமானந்தாங்கிக் கப்பலில் எடுத்தார்கள். நிஜ ஜப்பானியக் கப்பலான ‘அகாகி’யில் தளமேடைக் கோபுரம் இடப்பக்கம் இருக்கும், இதில் வலப்பக்கம். இது கப்பல் பைத்தியங்கள் மட்டும் கவலைப்படும் விஷயம். மாறாக, ஒற்றைச் சக்கரத்தில் பி-17 இறங்கும் காட்சி, படப்பிடிப்பின்போது நிஜமாகவே சக்கரம் சிக்கிக்கொண்டு நடந்த விபத்து. அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு கவனமாக எடுத்த படத்திலும் ஆள் பேசும் இடத்தில் சறுக்கல் வந்துவிட்டது. தூங்கும் அரக்கனை எழுப்பிவிட்டோமோ என்று அஞ்சுகிறேன் என்ற பொருளில் ஜப்பானிய அட்மிரல் யமமோட்டோ கடைசியில் பேசுகிறாரே, அதை அவர் சொன்னதற்கோ எழுதியதற்கோ ஆதாரம் கிடையாது. இன்று பேச்சாளர்கள் மேடைக்கு மேடை அதை யமமோட்டோவின் வார்த்தையாக எடுத்துவிடுகிறார்கள். நல்ல வசனம்தான். சினிமா வசனம்.

என் விதி முழுக்க உடைந்துபோகும் படம் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957). சினிமாவாகப் பார்த்தால் டேவிட் லீனின் இந்தப் படம் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட உயர்ந்தது, ஏழு ஆஸ்கர் வாங்கியது. வரலாறாகப் பார்த்தால் ஆட்களும் பொய், களமும் பொய். படம் எடுத்தது இலங்கையில் களனி ஆற்றங்கரையில், கித்துல்கலையில். மரப்பாலத்தை நிஜமாகவே கட்டி, 1957 மார்ச்சில் நிஜமாகவே தகர்த்தார்கள். முதல் நாள் ஒரு கேமராக்காரர் விலகாததால் வெடிக்கவில்லை. ஆளில்லாத ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் அக்கரையில் ஜெனரேட்டரில் மோதியது. மறுநாள் பிரதமர் பண்டாரநாயக்க முன்னிலையில் வெடித்தது.

இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்தில் ஜப்பானியர் போர்க் கைதிகளை வைத்து ரயில் பாலம் கட்டிய கதை இது. உண்மைச் சம்பவத்தில் பிரிட்டிஷ் கைதிகளின் தலைவர் கர்னல் பிலிப் டூஸி. படத்தில் வரும் கர்னல், ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை என்று தானே நல்ல பாலம் கட்டிக்கொடுத்துப் பெருமைப்படுகிறார். டூஸி தன் ஆட்களைக் காப்பாற்றுவதற்காக வேலை வாங்க ஒத்துக்கொண்டார், கூடவே வேலையைக் கெடுக்கவும் விட்டார். மரத்தூண்களை அரிக்கக் கரையான்களைப் பிடித்துவந்து விட்டிருக்கிறார்கள். ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பாலத்தைக் கமாண்டோக்கள் தகர்க்கவும் இல்லை. 1945இல் விமானங்கள் குண்டு போட்டுத்தான் உடைத்தன. படத்தில் வரும் கொடூர அதிகாரி சைட்டோவின் பெயர் கொண்ட நிஜ ஜப்பானியர் ஒப்பீட்டளவில் மனிதத்தன்மை உள்ளவர். போர் முடிந்தபின் அவருக்காக டூஸியே பேசினார். பாலம் இருந்தது மே க்ளாங் ஆற்றில். படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாப் பயணிகள் குவாய் எங்கே என்று கேட்கக் கேட்க, 1960இல் தாய்லாந்து அரசு ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரையே மாற்றிவிட்டது!

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம், நாவலை வைத்து எடுத்த படம் என்று. தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டியது படத்தில் இல்லாத ஆட்களை. அந்தப் பாலம் இருந்த சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியான்மர்) ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை செய்த நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கும் அதிகம். ஆனால் அதைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். மதிப்பீடுகள் 1,80,000க்குக் குறையாது. அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் செத்திருக்கலாம் என்கிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர் ஆகியோரோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பெருந்திரளாகப் போன தமிழர்களும் இருந்தார்கள்.

ஜப்பான் வந்தபின் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்களில் பட்டினி. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி என்று சொல்லி அழைத்தார்கள். ஆள் சேராதபோது இலவச சினிமா என்று கூட்டி, கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதைகள் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன. ராணுவக் கைதிகளிடம் மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், யார் எங்கே இறந்தார் என்று எழுதிவைத்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அந்த அமைப்பு எதுவும் இல்லை. 1943இல் காலரா பரவியபோது முகாம் முகாமாக மாண்டார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயர் பொறித்து, புல்வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. இவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. லீனின் படத்தில் பாலம் கட்டுபவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரக் கைதிகள். இந்த ஆசியத் தொழிலாளர் கூட்டத்தைக் கதை கண்டுகொள்வதே இல்லை. படத்தைப் பாருங்கள், பார்க்க வேண்டிய படம்தான். கூடவே சயாம் மரண ரயில் பற்றித் தமிழில் வந்திருக்கும் நாவல்களையும் நினைவுக் குறிப்புகளையும் தேடிப் படியுங்கள்.

தவிர்க்க வேண்டியது எது என்று யாராவது கேட்டால்: ‘பேட்டில் ஆஃப் தி பல்ஜ்’ (1965). 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டில், பனியில் நடந்த சண்டையின் உச்சக்கட்டத்தை ஸ்பெயினின் வறண்ட பொட்டலில் எடுத்திருக்கிறார்கள். ஜெர்மன் டாங்கிகளாக வருபவை போருக்குப் பின் தயாரான அமெரிக்க டாங்கிகள். களத்தையாவது நம்பலாம் என்ற சலுகையும் இங்கே இல்லை. போரில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற ஐசன்ஹோவரே அதைக் கண்டித்ததாகச் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ‘தி லாங்கஸ்ட் டே’ இரண்டு வடிவங்களில் உண்டு. எல்லோரும் ஆங்கிலம் பேசும் வடிவம் கிடைத்தால் ஒதுக்கிவிடுங்கள். ஜெர்மானியர் ஜெர்மனும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சும் பேசுகிற, துணைவரிகளோடு கூடிய கறுப்பு-வெள்ளைப் பதிப்பைத் தேடிப் பாருங்கள்.